ஊர் ஏலப் பணத்தில் எனக்கு ஊதியம் தருகிறார்கள்: இதை எப்படி முறைப்படுத்துவது?

கேள்வி: கண்மாய்க்கரை ஆசிரியை

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கடந்த ஜூன் மாதம் முதல் பதிலி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்து, தகுதித் தேர்வின் முதல் தாளில் 150க்கு 88 மதிப்பெண் பெற்று, நியமனத்திற்காகக் காத்திருப்பவள் நான். முன்பு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வகுப்பு நடத்தி வந்தேன். அதைப் பார்த்திருந்த இவ்வூர்ப் பெரியவர்கள் இருவர்தான் என் வீடு தேடி வந்து அழைத்தார்கள்.

பள்ளியில் 34 குழந்தைகள், ஐந்து வகுப்புகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். உதவி ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். 2021 ஜூலை முதல் அரசு இந்த விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தியது நல்ல முடிவு, அதில் எனக்குச் சிறு குறையும் இல்லை. ஆனால் அவர் திரும்பும்வரை வேறு ஆசிரியர் எவரும் அனுப்பப்படவில்லை. தலைமையாசிரியர் ஒன்றியக் கூட்டத்திற்குப் போன ஒரு நாளில், காலை உணவு சமைக்கும் அக்காதான் மதியம்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாராம். அதைக் கேள்விப்பட்டபிறகே ஊர்க்கூட்டம் கூடி, மாதம் 8,000 ரூபாய் கொடுத்து ஓர் ஆசிரியையை வைத்துக்கொள்வது என்றும், ஆடிப் படையலுக்கு மறுநாள் நடக்கும் ஏலத்தில் கிடைக்கும் பணத்தை அதற்கு ஒதுக்குவது என்றும் முடிவு செய்திருக்கிறது.

என் நாள் காலை 7:40க்கு வரும் நகரப் பேருந்தில் தொடங்குகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்தது 9:50க்குத்தான். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் இல்லையென்றால் இந்த ஊதியத்திற்கு நான் வந்து போவதே கடினமாக இருந்திருக்கும். பள்ளிக்குள் நுழையும்போது குழந்தைகள் உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புகள் ஒரே அறையில் என் பொறுப்பில் இருக்கின்றன. எண்ணும் எழுத்தும் திட்டப்படி அவர்களை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்து அமர வைத்து, ஒரு குழு எழுத்தட்டைகளை அடுக்கும்போது இன்னொரு குழுவுக்குக் கதை படித்துக் காட்டுவேன். பிற்பகலில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் தமிழ் எடுக்கிறேன். எனக்குத் துறையின் அடையாள எண் இல்லாததால் வருகைப் பதிவையும் மதிப்பீட்டையும் தலைமையாசிரியரே தம் கைப்பேசியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. பயிற்சிகளுக்கும் எனக்கு அழைப்பு வராது என்பதால் ஆசிரியர் கையேட்டை இரவில் வீட்டில் படித்து மறுநாளுக்குத் தயாராகிறேன். இவையெல்லாம் பழகிவிட்டன.

என் மனத்தை அழுத்துவது ஏல நாளில் நடந்தது. ஊர்க்கூட்டம் கூடும் சாவடி முன்பு வழக்கம்போலச் சாமிக்குச் சாத்திய மாலை, எலுமிச்சம்பழம், முதல் பானைப் பொங்கல், வாழைத்தார் என ஒவ்வொன்றாக ஏலம் கூறி வந்தவர், தேங்காயும் மஞ்சளும் எலுமிச்சையும் வைத்த ஒரு தாம்பாளத்தை உயர்த்தி, இது டீச்சர் சம்பளத் தட்டு என்று அறிவித்தார். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தேன். இரண்டு பேர் விடாமல் போட்டியிட்டார்கள். மூன்றாம் தரம் சொல்லும்போது தொகை 41,000 ரூபாயில் நின்றது. எடுத்தவரின் தம்பி மகன் நான்காம் வகுப்பில் படிக்கிறான், அவனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. விட்டுக்கொடுத்தவரின் மகள் அதே வகுப்பில் இருக்கிறாள். மறுநாள் அந்தப் பையன் வகுப்பில், "எங்க பெரியப்பா காசுலதான் டீச்சர் வர்றாங்க" என்று சொன்னான். அவனுக்குத் தனியாக ஒரு மணி நேரம் சொல்லித்தர முடியுமா என்று அவனுடைய பாட்டி வந்து கேட்டார். அந்தச் சிறுமியோ அன்று முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் கை உயர்த்துவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊரின் கிழக்குக் குடியிருப்பில் உள்ள குடும்பங்களிடம் ஊர்வரி வாங்கும் வழக்கமும் இல்லை, அவர்கள் இந்த ஏலத்தில் நிற்கும் வழக்கமும் இல்லை. பள்ளியின் 34 குழந்தைகளில் 13 பேர் அங்கிருந்து வருகிறவர்கள். ஊர்ப் பணம் என்று சொல்லி எனக்குக் கொடுக்கப்படுவதில் அந்த 13 பேரின் பெற்றோருக்குச் சொல் எதுவும் இல்லை.

ஏலத்தொகை அடுத்த ஆடிக்குள்தான் கைக்கு வரும் என்பதால் இதுவரை இரு பெரியவர்களின் சொந்தப் பணத்தில்தான் ஊதியம் பெற்றிருக்கிறேன். என்னை நம்பி அழைத்தவர்களின் மனம் நோகாமல், இந்தப் பணம் பள்ளியின் வழியாக, இன்னார் கொடுத்தது என்ற பெயர் இல்லாமல் எனக்கு வரும்படி செய்ய முடியுமா? யாரிடம், எந்த முறையில் கேட்பது?


மறுமொழி: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

அன்புள்ள மகளுக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றியப் பள்ளிகளில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் தனியாகப் போய்ப் பெரியவர்களிடம் பேச வேண்டாம். இது தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்க வேண்டிய பொருள். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு, நலிந்த பிரிவினரின் குழந்தைகளுடைய பெற்றோருக்கு அவர்களின் விகிதப்படி இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எந்த வழியிலோ பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் கடமைகளில் ஒன்றாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கிழக்குக் குடியிருப்புத் தாய்மாருக்குச் சாவடியில் இல்லாத இடம் இந்தக் குழுவில் உரிமையாகவே இருக்கிறது. உங்கள் ஊதியம் குறித்த பேச்சு சாவடியிலிருந்து பள்ளி வராந்தாவுக்கு வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

நடைமுறை எளிது. ஊரார் தரும் தொகை பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும், அதற்கு எண்ணிட்ட பற்றுச்சீட்டு தரப்பட வேண்டும். உதவி ஆசிரியை பணிக்குத் திரும்பும்வரை இன்ன கல்வித் தகுதியுள்ளவரை இன்ன தொகுப்பூதியத்தில் அமர்த்திக்கொள்வதாகத் தீர்மானம் எழுதி, உறுப்பினர்கள் கையொப்பமிட்டு, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் கழகம் அமர்த்திய ஓர் ஆசிரியை ஐந்து ஆண்டுகள் இருந்தார். அவர் கையில் ஊதியத்தை எவரும் நேராகக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒருவர் கையிலிருந்து நேராகப் பணம் வாங்கிய ஆசிரியர், அவர் வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தும்போது தம் மனச்சாட்சியோடு வீணாகப் போராட வேண்டியிருக்கும்.

பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் யோசனையை யாராவது முன்வைத்தால் உறுதியாக மறுக்கச் சொல்லுங்கள். அது கட்டணம் ஆகிவிடும், தொடக்கக் கல்வி கட்டணமில்லாதது.

கடைசியாக, ஊர் இப்படித் தாங்கிக்கொள்வதனால் பள்ளியின் தேவை மேலிடத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது. 60 குழந்தைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. ஆகவே, மாற்று ஆசிரியர் ஒருவரை அனுப்பக் கோரும் விண்ணப்பத்தையும் அதே கூட்டத்தில் தீர்மானமாக்குங்கள். அடுத்து வரும் கிராம சபையிலும் அதை வைக்கலாம். அக்டோபர் 2 அருகிலேயே இருக்கிறது.


மறுமொழி: ஊர்க்கணக்கு எழுதுபவன்

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். நானும் பக்கத்து மாவட்டத்துக்காரன். எங்கள் ஊரின் வரவு செலவுக் கணக்கைப் பதினாறு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். ஐயா சொன்ன முறை சரியானதே. ஆனால் ஏலத்தைப் பற்றி ஊரின் பக்கத்திலிருந்து சிலவற்றை விளக்கினால்தான் பேச்சு எடுபடும் என்று நினைக்கிறேன்.

கோயில் ஏலத்தில் பொருளின் விலையை யாரும் பார்ப்பதில்லை. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தலில், 2024 பங்குனி உத்திரத்தின்போது முருகன் வேலில் செருகிய ஒன்பது எலுமிச்சம்பழங்கள் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் ஏலம் போனது செய்தித்தாள்களில் வந்தது. பிள்ளை வரம் வேண்டியவர்களும் தொழில் தழைக்க வேண்டியவர்களும் நம்பிக்கையோடு எடுக்கிறார்கள். அத்துடன், ஊர் முன்னிலையில் தம் பெயர் சொல்லப்படுவதும் பெரிய மரியாதை. அந்தத் தாம்பாளத்தை 41,000க்கு எடுத்தவர் பள்ளியை விலைக்கு வாங்க எண்ணியிருக்க மாட்டார். நல்ல காரியத்திற்குத் தம் குடும்பம் முன்நின்றது என்ற நிறைவே அவருக்கு இருந்திருக்கும். அதைத் தவறு என்று சொல்வதுபோலப் பேச்சைத் தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும்.

ஆனால் ஏலத்தொகையை நம்பி மாத ஊதியம் தரவே முடியாது என்பதைக் கணக்கு எழுதுகிறவனாக உறுதியாகச் சொல்வேன். எங்கள் ஊரிலும் ஓராண்டுத் தவணை உண்டு. அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்குள் செலுத்த வேண்டும். செலுத்தாதவருக்கு அடுத்த ஏலத்தில் கேட்கும் உரிமை கிடையாது என்ற ஒரே பிடிதான் எங்களுக்கு இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு நிலுவை நின்றதை நானே எழுதியிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவை இப்படிப்பட்ட வாக்குறுதியின்மேல் வைப்பது நியாயமில்லை.

இதற்கு மாறாகப் புளிய மர ஏலத்தைக் கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பொதுவுக்குச் சொந்தமான இடத்தில் மரங்கள் இருந்தால், தை மாதத்தில் காயைப் பார்த்து மகசூலை ஏலம் விடுவார்கள். எடுப்பவர் பாதித் தொகையை அன்றே கட்டிவிட்டு, மீதியைக் கட்டிய பிறகே உலுக்க வருவார். ஆகவே பங்குனிக்குள் பணம் முழுவதும் ஊர்க்கணக்கில் இருக்கும். அதில் எவருக்கும் தனி மரியாதை கிடையாது, எந்த வீட்டுப் பெயரும் அதன்மேல் ஒட்டாது. ஆடி ஏலத்துத் தொகை வரும்போது அதைக் கோயில் திருப்பணிக்கே வைத்துக்கொள்ளட்டும். தட்டு எடுத்தவருக்கும் அது மனநிறைவாகவே இருக்கும்.

ஆனால் எது யாருடைய சொத்து என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் புளிய மரங்கள் அந்தத் துறைக்கு உரியவை. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பதால், கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலத்தை ஊரே நடத்தினால் பிற்பாடு வழக்கு வரலாம். கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் அதன் வருமானத்தையும் ஊர் நினைத்தபடி திருப்பிவிட முடியாது. பள்ளிப் பணத்தில் இப்படிப்பட்ட சிக்கல் எதுவும் கலக்கக் கூடாது.

கிழக்குக் குடியிருப்பைப் பற்றி நீங்கள் எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் வரிப் புத்தகத்திலும் அப்படி இல்லாத பெயர்கள் உண்டு. பதினாறு ஆண்டுகளாகத் தலைக்கட்டுகளை எண்ணி எழுதிய நான், எண்ணாமல் விட்டவர்களை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த 13 குழந்தைகளின் பெற்றோரும் கையொப்பமிடும் இடத்திலிருந்துதான் உங்கள் ஊதியம் வர வேண்டும் என்பதில் ஐயாவோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.


மறுமொழி: மலையடிவாரப் பட்டதாரி

அக்கா, நான் 2022 இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர்களில் ஒருத்தி. 13,331 இடங்களை அப்படி நிரப்ப அரசு முடிவெடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு அவை முறையே 12,000, 15,000, 18,000 என உயர்ந்தன. உங்கள் ஊர் தரும் 8,000 ரூபாய் அதற்கும் குறைவு என்பதைக் குழுவிடம் தயங்காமல் சொல்லுங்கள். நன்றி உணர்வினால் நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம், அடுத்து வருகிறவருக்கும் அதே தொகையே நிலைத்துவிடுகிறது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். தீர்மானத்தில் தொடக்க நாளையும் முடிவு நாளையும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு மே மாதம் ஊதியம் உண்டா இல்லையா என்பது ஏப்ரல் கடைசி வாரம்வரை எவருக்கும் தெரியவில்லை. அதோடு, ஒவ்வொரு குழந்தையும் எந்த நிலையில் இருக்கிறது, எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பிலிருந்து திரும்பும் ஆசிரியையிடம் அதை ஒப்படைத்தால் நீங்கள் சொல்லிக்கொடுத்த இடத்திலிருந்து அவர் தொடருவார். நான் விடைபெற்ற நாளில் அப்படி ஒரு ஏட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வேலை பாதியில் நிற்கவில்லை என்ற நிம்மதி அதனால் கிடைத்தது.


மறுமொழி: கண்மாய்க்கரை ஆசிரியை

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும் என் நன்றி. நீங்கள் சொன்னபடி முதலில் தலைமையாசிரியரிடம் பேசினேன். அவரும் இதே கவலையில்தான் இருந்திருக்கிறார், நான் வருந்துவேனோ என்று பேசாமல் இருந்தாராம். தட்டு எடுத்தவர் வீட்டுக்கு அவரே நேரில் போய், இந்தத் தொகை கோயில் மண்டபத்துக் கல்தளத்திற்குப் போனால் குடும்பத்தின் பெயர் நிலைக்குமே என்று எடுத்துச் சொல்ல, அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். ஊருக்குப் பொதுவில் பத்தொன்பது புளிய மரங்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு மகசூல் ஏலத்தில் மிஞ்சிய பணம் ஊர்க்கணக்கில் இருந்தது. ஜூன், ஜூலை மாதங்களுக்குப் பெரியவர்கள் இருவரும் கொடுத்ததை அதிலிருந்து திருப்பித் தந்துவிட்டார்கள்.

குழுக் கூட்டம் கடந்த வெள்ளிக்கிழமை நடந்தது. கிழக்குக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த தாய்மார் இருவரில் ஒருவர், டீச்சர் விடுப்பு எடுத்தால் யார் வருவார்கள் என்று கேட்டார். அதுவரை எவரும் கேட்காத கேள்வி அது. அதற்கான பதிலையும் எழுதிய பிறகே தீர்மானம் முடிந்தது. தங்கை சொன்ன தைரியத்தில் ஊதியத்தைப் பற்றியும் பேசினேன். இவ்வாண்டு 9,000 ரூபாய் என்றும், தை ஏலத்திற்குப் பிறகு மீண்டும் பேசுவது என்றும் முடிவாயிற்று. அலுவலருக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் இருபத்து மூன்று பெற்றோர் கையொப்பமிட்டார்கள்.

கூட்டம் கலையும்போது அந்தப் பையனின் பாட்டி என்னிடம் வந்து, இனிப் பேரனுக்குத் தனியாகச் சொல்லித்தர மாட்டீர்களா என்று கேட்டார். அரும்பு நிலையில் அவனோடு சேர்த்து ஏழு பேர் இருப்பதைச் சொல்லி, ஏழு பேரையும் மாலை 4:10 முதல் என் பேருந்து வரும் 4:50வரை உட்கார வைப்பதாகச் சொன்னேன். திங்கட்கிழமை முதல் நடக்கிறது. எழுத்தட்டை அடுக்கும்போது அவனுக்கு ணகரத்திற்கும் னகரத்திற்கும் இன்னும் குழப்பம் வருகிறது. ஏலத்தில் விட்டுக்கொடுத்தவரின் மகள் நன்றாகப் படிக்கிறவள், அவளாகவே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்துக் கொடுக்கிறாள்.